தரையை ஒட்டிய காற்றும் தமிழ்ச் சொற்களும்



மொழியியல் பயின்ற ஒருவர் வானிலையைப் பற்றிப் பேச முன்வருவது உங்களுட் சிலர்க்கு வியப்பாக இருக்கலாம். வானம் எமது துறையன்று. ஆயினும் இன்று நாம் எடுத்துக்கொண்டிருப்பது, நம் காலடியிலிருந்து மரத்தின் உச்சி வரையில் உள்ள காற்றை மட்டுமே. அக்காற்றைப் பற்றிப் பேசத் தமிழில் எத்தகைய சொற்கள் உள்ளன, அவற்றுள் எவை நம்மை வழிதவறச் செய்கின்றன, எவற்றைக் கையில் வைத்துக்கொண்டே நாம் பயன்படுத்தாது விட்டோம் என்பதே இவ்வுரையின் பொருள். இதில் எம்முடைய பிழையொன்றும் அடங்கியுள்ளது. அதனை உரிய இடத்தில் கூறுவோம்.

வானொலியில் நாள்தோறும் கேட்கும் வெப்பநிலை எங்கே அளக்கப்படுகிறது என்று நாம் பெரும்பாலும் எண்ணிப் பார்ப்பதில்லை. வெண்ணிறம் பூசி, பக்கங்களில் சாய்வுப் பலகைகள் அடித்த ஒரு பெட்டிக்குள், தரைக்கு மேல் 1.25 முதல் 2 மீட்டர் வரையிலான உயரத்தில் வெப்பமானி வைக்கப்படும். இப்பெட்டியை வடிவமைத்தவர் தாமஸ் ஸ்டீவன்சன். புதையல் தீவு என்னும் கதையை எழுதிய ராபர்ட் லூயிஸ் ஸ்டீவன்சனின் தந்தையார். காற்றின் வேகமோ 10 மீட்டர் உயரத்தில் அளக்கப்படுகிறது. தரையின் தொல்லையிலிருந்து விலகி, ஒரு வட்டாரத்திற்குப் பொதுவான அளவைப் பெறுவதே இவ்வுயரங்களின் நோக்கம். ஆனால் புல்லும் நாற்றும் தவழும் குழந்தையும் வாழ்வது அத்தொல்லைக்கு உள்ளேதான். நண்பகலில் தார்ச்சாலையின் பரப்பு பெட்டிக்குள் இருக்கும் காற்றைவிடப் பல டிகிரி சூடாக இருக்கும். தெளிந்த இரவில் புல்நுனி அதே காற்றைவிடச் சில டிகிரி குளிர்ந்திருக்கும். இந்த வேறுபாட்டை ஆராயும் துறையை நுண்வானிலையியல் என்கிறோம்.

இத்துறையின் அடிப்படை நூல்களுள் ஒன்றை ஜெர்மானிய அறிஞர் ருடால்ஃப் கைகர் 1927-இல் வெளியிட்டார். அதன் தலைப்பைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் 'தரையருகுக் காற்றடுக்கின் தட்பவெப்பம்' என்று வரும். தட்பவெப்பத்தைக் குறிக்கும் சொல் மட்டும் கிரேக்கத்திலிருந்து வந்தது. தரை, அருகு, காற்று, அடுக்கு என்பன ஜெர்மானிய உழவரும் தம் வீட்டில் வழங்கும் சொற்கள். ஓர் அறிவியல் துறை இவ்வளவு எளிய சொற்களோடு பிறக்க இயலும் என்பதை நாம் நினைவிற் கொள்ளுதல் நலம்.

நம் மொழியின் குறையை முதலிற் பேசுவோம். 'பனி' என்னும் ஒரே சொல்லைக் கொண்டு தமிழர் நடத்தி வரும் வாணிகம் பெரிது. விடியற்காலையில் புல்நுனியில் நிற்கும் துளி பனி. மலைப்பாதையை மறைக்கும் வெண்திரை பனி. இமயத்தின் முடியில் உறைந்து கிடப்பதும் பனி; குளிர்நாடுகளில் பஞ்சுபோல் விழுவதும் பனி. மூடுபனி, உறைபனி, வெண்பனி, பனிக்கட்டி என்று அடை சேர்த்துப் பிரித்துக்கொள்கிறோம் என்பது உண்மையே. எனினும் பேச்சில் அடை உதிர்ந்து 'பனி' மட்டுமே எஞ்சுகிறது. சிங்கப்பூரிற் பிறந்த பிள்ளை 'மார்கழிப் பனி' என்று பாடத்திற் படிக்கும்போது, அதன் மனத்தில் எழுவது திரைப்படத்தில் கண்ட ஐரோப்பியத் தெருவாக இருத்தல் இயல்பு. இங்கோ மார்கழி என்பது வடகிழக்குப் பருவக்காற்றின் மழைக்காலம்.

பெயர்ச்சொல்லைவிட வினைச்சொல் செய்யும் குழப்பம் ஆழமானது. பனி பெய்கிறது, விழுகிறது, இறங்குகிறது, கொட்டுகிறது என்கிறோம். அனைத்தும் மேலிருந்து கீழ்நோக்கிய வினைகள். ஐரோப்பியரும் நெடுங்காலம் இவ்வாறே எண்ணினர். இலண்டனில் மருத்துவராயிருந்த வில்லியம் சார்லஸ் வெல்ஸ் என்பவர், 1814-இல் வெளியிட்ட நூலில் இதனை ஆராய்ந்தார். அவருடைய கருவி கம்பளி. ஒரே எடையுள்ள சிறு கம்பளிப் பொதிகளை இரவில் வெவ்வேறு இடங்களில் வைத்துப் பின்னர் எடை பார்த்தார். ஒரு பலகையின் மேல் திறந்த வானத்தை நோக்கியிருந்த பொதி மிகுதியாக நனைந்தது. பலகையின் அடியில் கட்டிய பொதி குறைவாக நனைந்தது. ஆனால் அதுவும் நனைந்தது. மேலிருந்து விழும் நீர் பலகைக்கு அடியில் எவ்வாறு செல்லும்? தெளிந்த இரவில் புல்லும் கம்பளியும் தம் வெப்பத்தை வானுக்கு இழந்து, சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்கின்றன. அக்குளிர்ந்த பரப்பைத் தொடும் காற்றிலுள்ள நீராவி அவ்விடத்திலேயே நீராகிறது. எதுவும் விழவில்லை.

அந்நூலில் வெல்ஸ் தம்மைப் பற்றியும் ஒன்றை ஒப்புக்கொள்கிறார். இளஞ்செடிகளின் மேல் மெல்லிய பாயை விரித்துக் குளிரைத் தடுக்க முயன்ற தோட்டக்காரர்களைக் கண்டு அவர் முன்னர் நகைத்ததுண்டாம். காற்றே குளிர்ந்திருக்கையில் பாய் என்ன செய்யும் என்பது அவர் எண்ணம். செடி காற்றையும்விடக் குளிர்கிறது, பாய் அவ்வெப்ப இழப்பை மறிக்கிறது என்று அறிந்தபின் அந்நகைப்பு நின்றது. 'தலையில் பனி இறங்கும், துண்டைக் கட்டிக்கொள்' என்று நம் பாட்டிமார் கூறுவதும் இவ்வகையே. இறங்குவது எதுவுமில்லை, தலையிலிருந்து வெப்பம் ஏறிப் போகிறது. வினைச்சொல் தவறு, துண்டு சரி.

ஆனால் தமிழிலேயே இதற்குத் திருத்தமும் உண்டு. 'கண் பனித்தது' என்கிறோம். அங்கே நீர் வெளியிலிருந்து வந்து விழவில்லை. இருந்த இடத்திலேயே அரும்பியது. பனித்தல் என்னும் வினைக்கு நடுங்குதல் என்னும் பொருளோடு இப்பொருளும் பழையது. புல் பனித்தது, கண்ணாடி பனித்தது, குளிர்பானக் குவளை பனித்தது என்று எழுதினால் அறிவியலும் பிழைக்கும், தமிழும் பிழைக்கும். 'பனிப்பொழிவு' என்பதை வானிலிருந்து உண்மையாகவே விழும் வெண்பனிக்கு விட்டுவிடலாம்.

புல்நுனியில் காணும் நீரெல்லாம் ஒரே வழியில் வந்ததும் அன்று. மேலுள்ள காற்றின் ஆவியிலிருந்து வருவது ஒன்று. ஈரமண்ணிலிருந்து எழுந்த ஆவி இலையின் மேல் நீராவது மற்றொன்று. ஜான் மான்டீத் என்னும் பிரித்தானிய அறிஞர் 1957-இல் எழுதிய கட்டுரை இவ்விரண்டையும் பிரித்துக் காட்டியது. வேர் உறிஞ்சிய நீரை இலை தன் விளிம்பு வழியே தானே கசியவிடுவது வேறு. நெல் நாற்றின் நுனிதோறும் காலையில் முத்துப்போல் ஒரே சீராக நிற்பது பெரும்பாலும் இக்கசிவுநீர்தான். கவிஞர் பலர் பனித்துளி என்று பாராட்டியது இதனைத்தான் என்று சொன்னால் அவர்கள் எம்மை மன்னிப்பார்களாக.

முன்பனி, பின்பனி என்னும் பருவப் பெயர்களைப் பற்றியும் ஒரு சொல். முன்னிரவில் பனிப்பது முன்பனி, பின்னிரவில் பனிப்பது பின்பனி என்று விளக்கம் தருவோர் உண்டு. இவ்விளக்கம் பொருந்துமாயின், ஈரம் ஓர் இரவின் எப்பகுதியில் தோன்றுகிறது என்பதை வைத்து ஆண்டின் நான்கு மாதங்களைப் பெயரிட்டிருக்கிறார்கள் என்றாகும். அழகான செய்திதான். ஆயினும் இதை வைத்துக்கொண்டு பண்டைத் தமிழர் நுண்வானிலையியல் கண்டனர் என்று மேடையேறி முழங்குவதில் எமக்கு உடன்பாடில்லை. கூர்ந்து நோக்கினர் என்பதே போதும்.

நாம் பிறந்தது பேராக் மாநிலத்து ரப்பர்த் தோட்டம் ஒன்றில். விடியுமுன் பெரட்டு முடிந்ததும் எம் பெற்றோர் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு நிரைக்குப் போவர். அவ்வளவு அதிகாலையில் ஏன் வெட்ட வேண்டும் என்று கேட்டால், வெயில் ஏறினால் பால் இறங்காது என்பார் தந்தையார். வெயில் ஏற ஏற இலைகள் நீரை இழக்கின்றன. மரப்பட்டையின் பால்குழல்களில் அழுத்தம் குறைகிறது. பால் ஓட்டம் தளர்கிறது. அவர் கூறியதை இன்று பயிரியல் நூலும் கூறும். லயத்திலிருந்து பள்ளத்து நிரைக்கு இறங்கும்போது குளிர் கணுக்காலில் ஏறும். குளிர்ந்த காற்று கனமானது; தெளிந்த இரவில் சரிவின் வழியே நீரைப்போல் வழிந்து பள்ளத்தில் தேங்கும். அதன்மேல் வெதுவெதுப்பான காற்று மூடிபோல் நிற்கும். பாடநூல் இதனை 'வெப்பநிலைத் தலைகீழ் மாற்றம்' என்னும். எதற்குத் தலைகீழ் என்று அறிந்தவர்க்கே அது விளங்கும். 'மூட்டம்' என்னும் சொல்லைப் பாருங்கள், மூடுதலிற் பிறந்தது. சுமத்ராவிலும் கலிமந்தானிலும் காடும் சதுப்பும் எரிந்து 1997, 2013, 2015 ஆண்டுகளில் நம் நாடுகள் மூச்சுத் திணறியபோது நம் ஏடுகள் 'புகைமூட்டம்' என்றே எழுதின. அதற்கு யாரும் பொருள் கேட்கவில்லை.

இன்று இவ்வடுக்கை அளக்கக் கருவிகள் வந்துவிட்டன. நெகிரி செம்பிலானில் பாசோ காட்டினுள் மரமுடிகளுக்கு மேல் எழும் 52 மீட்டர் கோபுரம் ஒன்று உண்டு. சிங்கப்பூரில் தெலுக் குராவ் குடியிருப்புப் பகுதியில் வீட்டுக் கூரைகளுக்கு மேல் இத்தகைய அளவீடு நிகழ்ந்துள்ளது. காற்றின் ஏற்ற இறக்கத்தையும் வெப்பத்தையும் ஈரத்தையும் நொடிக்குப் பலமுறை அளந்து, சிறு சிறு சுழல்கள் தரையிலிருந்து எவ்வளவு வெப்பத்தையும் நீராவியையும் மேலே சுமந்து சென்றன என்று கணக்கிடுகிறார்கள். சுழல், கொந்தளிப்பு என்னும் நம் கடற்சொற்கள் இங்கு நன்கு பொருந்துகின்றன.

நகரத்திற்கு வருவோம். நகரம் தன்னைச் சூழ்ந்த நாட்டுப்புறத்தைவிட இரவில் வெப்பமாயிருப்பதை இலண்டனில் லூக் ஹாவர்டு 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே கண்டார். சிங்கப்பூரைப் பற்றி நியூவோல்ட் என்னும் புவியியலாளர் 1966-இல் எழுதினார். பின்வந்த ஆய்வுகள், ஆர்ச்சர்டு சாலை போன்ற இடங்களுக்கும் ஊர்ப்புறத்திற்கும் இரவு வேளையில் 7 டிகிரி செல்சியஸ் வரை வேறுபாடு காணப்படுவதைக் காட்டின. பகலில் காங்கிரீட்டும் தாரும் உண்ட வெப்பத்தை இரவில் உமிழ்கின்றன. நெருங்கி நிற்கும் கட்டடங்களுக்கிடையில் அது எளிதில் வானுக்குத் தப்புவதில்லை. இதற்கு 'நகர வெப்பத் தீவு' என்று பெயர்த்திருக்கிறோம். தீவாகவே உள்ள ஒரு நாட்டில் இப்பெயர் படும் பாட்டைச் சொல்ல வேண்டும். கடல் சூழ்ந்திருப்பதால் இங்கு வெப்பம் மிகுதி என்று ஒரு மாணவர் விடை எழுதியதை நாமே படித்திருக்கிறோம். சுவர் வெக்கை அடிக்கிறது என்று நம் வீடுகளில் இரவு பத்து மணிக்குச் சொல்கிறோமே, அந்த வெக்கைதான் இது. 'நகர்வெக்கை' என்று சொல்லலாகாதா?

இனி எம் பிழைக்கு வருகிறோம்.

வெப்பத்தால் உடலுக்கு நேரும் ஆபத்தை அளக்க வெப்பமானி மட்டும் போதாது. 1950-களில் அமெரிக்க மரைன் படை வீரர்கள் பயிற்சியில் மயங்கி விழுந்ததையொட்டி வேறோர் அளவு உருவாயிற்று. ஈரத்துணி சுற்றி வெயிலிலும் காற்றிலும் திறந்து வைத்த வெப்பமானி ஒன்று. கறுப்பு உலோக உருண்டைக்குள் வைத்தது ஒன்று. நிழலில் வைத்தது ஒன்று. வெயிலில் இம்மூன்றன் அளவுகளையும் முறையே 0.7, 0.2, 0.1 என்று பெருக்கிக் கூட்டுவர். நூற்றுக்கு எழுபது பங்கு ஈரத்துணிக்கு என்பதைக் கருதுங்கள். ஈரத்துணி என்பது வியர்த்த மனித உடலின் பதிலாள். காற்றில் ஈரம் குறைந்து, வீச்சும் இருந்தால் துணி உலர்ந்து குளிரும். ஈரம் மிகுந்து காற்று நின்றால் துணி உலராது, வியர்வையும் உலராது, உடலின் சூடு உள்ளேயே ஏறும்.

பல்லாண்டுகளுக்கு முன் இவ்வளவுக்குத் தமிழ்ப் பெயர் வேண்டி ஒரு கலைச்சொற் குழு கூடியது. அதில் நாமும் இருந்தோம். இளையவர் ஒருவர் 'புழுக்க அளவு' என்று முன்மொழிந்தார். நாமே அதனை மறுத்தோம். புழுக்கம் என்பது உணர்வு, அதற்கு எண் கிடையாது என்றோம். மூலச்சொல்லின் உறுப்புகள் மூன்றும் தமிழில் வரவேண்டும் என்றோம். 'ஈரக்குமிழ் கோள வெப்பநிலை' என்று முடிவாயிற்று. அன்று மாலை அதனைப் பெருமையோடு வீட்டில் கூறியதும் நினைவிருக்கிறது.

2023-ஆம் ஆண்டு சிங்கப்பூரில் இவ்வளவு பொதுமக்கள் வாழ்வுக்குள் வந்தது. சூலையில் வெப்ப உளைச்சல் குறித்த அறிவுறுத்தல் தொடங்கிற்று. 31 டிகிரிக்குக் கீழ் குறைவு, 33-ஐ எட்டினால் உயர்வு. அக்டோபரில் மனிதவள அமைச்சு, இவ்வளவு 32 டிகிரியோ அதற்கு மேலோ இருக்கையில் வெளியில் கடும் உடலுழைப்பில் ஈடுபடுவோர்க்கு மணிக்குக் குறைந்தது 10 நிமிட ஓய்வு வேண்டும் என்று விதித்தது. அவ்வாறு உழைப்போருட் பலர் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள். இங்கே நுண்வானிலை ஏட்டுச் செய்தியாக இருப்பதில்லை. தோண்டிய குழிக்குள் காற்று வராது. கம்பி கட்டிய காங்கிரீட் தளத்தில் கீழிருந்தும் வெக்கை ஏறும். இருபது அடி தள்ளி மரநிழலில் நிலைமை வேறு. தீவு முழுமைக்கும் ஒரு வெப்பநிலை என்னும் கணக்கு அங்குச் செல்லாது.

சென்ற ஆண்டு எம் குடியிருப்புக்கு அருகிலுள்ள வேலைத்தளத்தின் வேலியில் தமிழிலும் எழுதிய அறிவிப்பு ஒன்று தொங்கக் கண்டோம். எம் குழுவின் சொல் அதில் இருந்தது. சாப்பாட்டு வேளையில் வேலியோரம் அமர்ந்திருந்த இளைஞரிடம், இது புரிகிறதா தம்பி என்று கேட்டோம். புதுக்கோட்டைப் பக்கத்தவர். பலகையை ஒருமுறை படித்தார்.

"கோளம்னா கிரகமாய்யா?" என்றார். சற்று நேரம் கழித்து, "குமிழுன்னா சோப்பு நுரையில வருமே, அதா?" என்றும் கேட்டார்.

நாம் விளக்கினோம். ஈரத்துணியைச் சொன்னோம், உருண்டையைச் சொன்னோம். பொறுமையாகக் கேட்டபின் அவர் கூறினார்: "அட, புழுக்கத்தச் சொல்றீங்க. வெயிலு கூட ஒண்ணும் பண்ணாதுய்யா. மழைக்கு முந்தி காத்தே இல்லாம ஒரு புழுக்கம் வரும் பாருங்க, அதுதான் ஆளச் சாய்க்கும். போன மாசம் எங்கூட இருந்த அண்ணன் அப்படித்தான் விழுந்துட்டாரு. மப்பா இருக்கு, வெயில் இல்லன்னு தண்ணி குடிக்காம இருந்துட்டாரு."

வெல்ஸின் தோட்டக்காரர்கள் அப்போது எம் நினைவுக்கு வந்தனர்.

வீட்டிற்கு வந்து அகராதிகளைத் திறந்தோம். திறக்கவேண்டிய தேவையே இருந்திருக்கலாகாது. புழுங்குதல் என்பதற்கு வெப்பத்தால் வேர்த்து வருந்துதல் என்பதோடு ஆவியில் வேகுதல் என்றும் பொருள். புழுங்கல் அரிசி நாம் அறிந்ததே. சங்க நூல்களில் புழுக்கு, புழுக்கல் என்பன வேகவைத்த உணவைக் குறிக்கும். சூடும் நீராவியும் அடைபட்ட நிலையும் ஆகிய மூன்றும் இவ்வொரு வேர்ச்சொல்லில் அடங்கியுள்ளன. உலர்ந்த அனலைத் தமிழர் யாரும் புழுக்கம் என்பதில்லை. காற்று வீசும்போதும் என்பதில்லை. எமது மறுப்பு எவ்வளவு வலுவற்றது என்பது இப்போது விளங்குகிறது. விசை, வேலை, ஆற்றல் என்பனவும் ஒருகாலத்தில் எண்ணில்லாத சொற்களே. இயற்பியல் அவற்றுக்கு எண் கொடுத்தது. புழுக்கத்திற்கும் எண் கொடுக்கலாம்.

கறுப்பு உருண்டை அளக்கும் வெயிலின் பங்கைப் புழுக்கம் என்னும் சொல் மறைத்துவிடாதா என்று நண்பரொருவர் கேட்டார். நியாயமான வினா. மறைக்கும். ஆனால் வெயில் கண்ணுக்குத் தெரியும். அதற்கு எச்சரிக்கை குறைவாயினும் உடல் தானே நிழலைத் தேடும். இதற்கு மறுதலையாக, நாம் வழங்கும் 'வெயில்தாக்கு' என்னும் சொல், வெயில் இல்லையேல் தாக்கும் இல்லை என்று எண்ணச் செய்கிறது. அந்த அண்ணனை விழச்செய்ததில் அவ்வெண்ணத்திற்கும் பங்குண்டு. ஆய்வு நூலில் நீண்ட பெயர் இருக்கட்டும். பலகையில் 'புழுக்க அளவு 32: மணிக்குப் பத்து நிமிடம் ஓய்வு' என்று இருக்கட்டும்.

அன்று கூடிய குழு இன்று இல்லை. ஆகவே பனித்தல், கசிவுநீர், மூட்டம், நகர்வெக்கை, புழுக்க அளவு முதலாக நாற்பது சொற்கள் கொண்ட பட்டியலொன்றை நாமே வரைந்து, அச்சிட்டுக் கொணர்ந்துள்ளோம். இவ்வரங்கின் பின்வரிசையில் கட்டுமானத் துறையிலும் பூங்காப் பராமரிப்பிலும் பணிபுரியும் நண்பர்கள் சிலர் அமர்ந்திருக்கக் காண்கிறோம். ஆசிரியர்களுக்கு முன்பாக அவர்கள் அத்தாளைப் பெற்றுக்கொண்டு, படித்த உடனே விளங்காத சொல் எதுவோ அதன்மேல் ஒரு கோடிட்டுத் தருமாறு வேண்டுகிறோம். தாள்களும் பேனாக்களும் வாயிலருகே மேசையில் உள்ளன.